இணைய வரைவில் ஒரு சொல் குழப்புகிறதா? கேட்கும் முறை இது

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் சந்தா கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. வரைவு ஆவணத்தை யாரும் படிக்கலாம், யாரும் கேள்வி கேட்கலாம். இதை நம்பி ஆர்வத்தோடு உள்ளே வருபவர்கள் முதல் கேள்வியிலேயே தட்டுத்தடுமாறுகிறார்கள். ‘இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?’ என்று கேட்பது எளிதாகத்தான் தோன்றும். ஆனால் அதை எப்போது கேட்பது, எங்கே கேட்பது, எப்படி எழுதினால் பதில் வரும் என்பதெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்கப்படவில்லை. கொஞ்சம் விதிமுறை ஆவணங்களில் இருக்கிறது; மீதியைப் பழைய அஞ்சல்களைத் தோண்டித்தான் கற்க வேண்டும். நான் தோண்டி எடுத்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

1. செலவு எவ்வளவு, என்னென்ன வேண்டும்

பணச் செலவு ஏறக்குறைய இல்லை. வரைவுகளும், அவை முடிவில் ஆகும் ஆர்எஃப்சி ஆவணங்களும் இலவசம். வரைவுகளின் நிலையைக் காட்டும் டேட்டாடிராக்கர் தளத்தில் கணக்குத் தொடங்குவதும், வரைவைப் பேசித் தீர்க்கும் பணிக்குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்வதும் இலவசம். ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் பெரிய கூட்டங்களுக்குத்தான் கட்டணம். நேரில் போனால் விசா, விமானம், விடுதி என்று கை சுடும். இணையவழியில் கலந்துகொள்ளவும் கட்டணம் உண்டு; கட்ட இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆனால் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள எந்தக் கூட்டத்துக்கும் போக வேண்டியதில்லை. கூட்டத்தில் பேசி முடித்தாலும் அது அஞ்சல் பட்டியலில் உறுதியானால்தான் செல்லும்.

உண்மையான செலவு நேரம். நாற்பது பக்க வரைவை ஒழுங்காகப் படிக்க இரண்டு மாலைகளாவது வேண்டும். அது சார்ந்திருக்கும் ஆவணங்களையும் சேர்த்தால் ஒரு வாரம் போய்விடும்.

அஞ்சல் அனுப்புவதற்கு முன் ‘நோட் வெல்’ என்ற அறிவிப்பைப் படித்துவிடுங்கள். சாரம் இதுதான்: நீங்கள் எழுதுவது அத்தனையும் பொதுப் பதிவு, அழியாமல் இருக்கும். பேசப்படும் தொழில்நுட்பத்தில் உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ காப்புரிமை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் வெளிப்படுத்த வேண்டும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தால் சட்டப் பிரிவிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த அனுமதிக்குச் சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். அலுவலக அஞ்சலின் அடியில் ‘இது இரகசியமானது’ என்ற வாசகம் தானாக ஒட்டிக்கொள்கிறது என்றால் சொந்த முகவரியைப் பயன்படுத்துங்கள். உலகமே படிக்கும் பட்டியலில் அந்த வாசகத்தைப் பார்த்து எரிச்சலடைபவர்கள் நிறையப் பேர்.

2. சரியான வரைவைக் கையில் எடுங்கள்

தேடுபொறியில் தட்டி முதலில் வருவதைத் திறப்பது முதல் பொறி. பழைய பதிப்புகளும் காலாவதியான வரைவுகளும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. டேட்டாடிராக்கரில் வரைவின் பக்கத்துக்குப் போய்ப் பெயரின் கடைசியில் இருக்கும் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். முதல் பதிப்பு 00. அங்கிருந்து எண் ஏறிக்கொண்டே போகும். புதிய பதிப்பு வராவிட்டால் வரைவு 185 நாள்களில் காலாவதியாகிவிடும்.

பெயரின் நடுவிலும் ஒரு செய்தி இருக்கிறது. ‘டிராஃப்ட்’ என்பதை அடுத்து ‘ஐஇடிஎஃப்’ என்று வந்தால் பணிக்குழு ஏற்றுக்கொண்ட வரைவு. ஆசிரியரின் பெயர் வந்தால் பெரும்பாலும் அது இன்னும் தனிநபர் வரைவுதான். தனிநபர் வரைவில் சொல் குழப்பம் என்றால் ஆசிரியருக்கே நேரடியாக எழுதலாம். பணிக்குழு வரைவு என்றால் பொதுவில் கேட்பதுதான் முறை, ஏனென்றால் அதன் உள்ளடக்கம் இப்போது குழுவுடையது. ஆசிரியர் எழுதுகோலைப் பிடித்திருப்பவர் மட்டுமே.

அதே பக்கத்தில் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. உங்களைக் குழப்பும் வரி எந்தப் பதிப்பில் நுழைந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

3. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரே கேள்வி, கேட்கும் காலத்தைப் பொறுத்து வரவேற்பையோ பெருமூச்சையோ பெறும்.

பணிக்குழு வரைவை ஏற்றுக்கொண்ட முதல் சில பதிப்புகள்தான் சொற்களைப் பற்றிப் பேசச் சிறந்த காலம். அப்போது ஒரு சொல்லை மாற்ற ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு பணிக்குழுவின் ‘லாஸ்ட் கால்’, அதாவது கருத்துச் சொல்லக் கடைசி அழைப்பு, வரும். வழக்கமாக இரண்டு வாரம். பெரும்பாலான புதியவர்கள் இங்கேதான் விழித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, கேட்கலாம். அதன்பின் அந்தத் துறையின் பணிக்குழுக்களை மேற்பார்க்கும் பகுதி இயக்குநரின் ஆய்வு, பிறகு ஐஇடிஎஃப் முழுமைக்குமான லாஸ்ட் கால். பணிக்குழுவிலிருந்து வரும் தர ஆவணம் என்றால் இது குறைந்தது இரண்டு வாரம். பணிக்குழு வழியாக வராதது என்றால் நான்கு வாரம். கடைசியாக ஐஇஎஸ்ஜி என்ற வழிகாட்டுக் குழு வாக்களிக்கும். அந்தக் குழுவில் ஒருவர் ‘டிஸ்கஸ்’ என்று பதிந்தால் அது தீரும்வரை ஆவணம் நகராது. பொருள் தெளிவில்லாத ஒரு சொல் இதற்கும் காரணமாகலாம். எனவே ‘சொல்தானே’ என்று யாராவது சிரித்தால் கலங்க வேண்டாம்.

காலக்கணக்கில் ஒரு பொறி. ஒவ்வொரு பெரிய கூட்டத்துக்கும் இரண்டு வாரம் முன்பு, திங்கட்கிழமை உலகப் பொது நேரம் 23:59-க்கு வரைவு சமர்ப்பிப்பை மூடிவிடுவார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அது செவ்வாய் அதிகாலை 5:29. அதிலிருந்து கூட்டம் தொடங்கும்வரை புதிய பதிப்பு வராது. உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன ஆசிரியர் மூன்று வாரமாக ஒன்றும் செய்யவில்லையே என்று குமுறுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

4. குழப்பம் எந்த வகை என்று பிரியுங்கள்

நேரம் போனாலும் போகட்டும் என்று உட்கார வேண்டிய படி இது. ‘புரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘இன்னொரு முறை படியுங்கள்’ என்றுதான் பதில் வரும், அதுவும் வந்தால்.

ஒரு சொல், இரண்டு பொருள். இதுதான் மிக ஆபத்தானது. டொமைன் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் துறையில் ‘லேம் டெலிகேஷன்’ என்ற சொல் நல்ல சான்று. ஒரு டொமைனுக்குப் பொறுப்பு என்று பெயர் குறிக்கப்பட்ட சர்வர் அந்தப் பொறுப்பைச் செய்யாமல் இருப்பது என்று 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1912 சொன்னது. காலப்போக்கில் பதிலே வராதது, சர்வரின் முகவரியே கிடைக்காதது என்று பலவகைக் கோளாறுகளுக்கும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். டிஎன்எஸ் கலைச்சொற்களுக்கென்றே 2024-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9499 என்ன செய்தது தெரியுமா? பொருளில் கருத்தொருமை இல்லை என்று வெளிப்படையாக எழுதி, இதைப் பழைய சொல்லாகக் கருதித் தவிருங்கள், தெளிவான சொற்களால் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டது. நிபுணர்கள் கூடி உட்கார்ந்தும் தீராத சொற்கள் உண்டு. உங்கள் கேள்வி அற்பமானது என்று நினைக்காதீர்கள்.

இரண்டு சொல், ஒரே பொருள். ஒரு பிரிவில் ‘கிளையன்ட்’, அடுத்ததில் ‘கோரிக்கையாளர்’, இன்னொன்றில் ‘பயனர் முகவர்’. மூன்றும் ஒன்றா, வெவ்வேறா? பலர் சேர்ந்து எழுதும் வரைவுகளில் இது சகஜம். நம் பள்ளிகளில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் நடை கெட்டுவிட்டது என்று சிவப்பு மை விழும். தர ஆவணத்தில் அது நேர்மாறு. ஒரு பொருளுக்கு ஒரே சொல், கடைசிவரை அதே சொல்.

வெளியில் ஒரு பொருள், இங்கே வேறு பொருள். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் க்விக் நெறிமுறையின் ஆர்எஃப்சி 9000 (2021) ‘பாக்கெட்’ என்பதைத் தனக்கென வரையறுத்துக்கொள்கிறது: வலையில் ஒரே துண்டாகப் போகும் யூடிபி டேட்டாகிராம் ஒன்றுக்குள் பல க்விக் பாக்கெட்டுகள் இருக்கலாம். வலையமைப்பில் பழகியவர் பாக்கெட் என்றதும் கம்பியில் போவதை நினைப்பார். இங்கே அது தவறு. அந்த ஆவணம் சொற்களுக்கென்றே தனிப் பகுதி வைத்து இதைத் தீர்த்திருக்கிறது. க்விக் என்பது பெயர்தான், எதற்கும் சுருக்கம் அல்ல என்றுகூட அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் வரைவில் அப்படியொரு பகுதி இல்லாவிட்டால் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

பொருளுக்குள் பதுங்கிய கட்டளை. சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியில் ‘இது இன்ன நேரத்தில் கட்டாயம் அனுப்பப்பட வேண்டும்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். நிரல் எழுதுபவர்கள் அந்தப் பகுதியைப் புரட்டிக்கொண்டே போய்விடுவார்கள். கட்டளையை நடைமுறைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் உடனே ஏற்பார்கள்.

இதோடு சேர்த்து ‘மஸ்ட்’ (கட்டாயம்), ‘ஷுட்’ (தக்க காரணம் இருந்தால் மட்டும் மீறலாம்), ‘மே’ (விருப்பம்) ஆகிய சொற்களைப் பாருங்கள். 1997-இன் ஆர்எஃப்சி 2119 இவற்றுக்குத் தனிப்பொருள் தந்தது. முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருந்தால் மட்டுமே அந்தத் தனிப்பொருள் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. ஆகவே சிறிய எழுத்தில் ஒரு ‘மஸ்ட்’ வந்தால் அது வெறும் ஆங்கிலச் சொல். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா, விரல் தவறியதா என்று கேட்பது முழுக்க முறையான கேள்வி. பெரிய எழுத்தில் ‘ஷுட்’ இருந்தால், எப்போது மீறலாம், மீறினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். பல வரைவுகளில் அதற்குப் பதில் இருக்காது.

எழுத்துப்பிழை, சுருக்கத்தின் விரிவு, காற்புள்ளி இவற்றில் உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். கண்ணில் பட்டால் தனிப் பட்டியலாக அனுப்புங்கள். எப்படியும் ஆர்எஃப்சி எடிட்டர் அலுவலகம் அவற்றைப் பிடித்துவிடும். அவர்கள் வேலையே அது.

5. ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று தேடுங்கள்

மூன்று இடங்கள். முதலாவது, வரைவின் கடைசியில் ‘நார்மேடிவ்’ என்ற தலைப்பில் இருக்கும் ஆவணங்கள். அவற்றைப் படிக்காமல் வரைவைப் புரிந்துகொள்ள முடியாது என்றுதான் அந்தத் தலைப்புக்கே பொருள். நீங்கள் தேடும் சொல் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கலாம். தமிழில் ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் டொமைன் பெயர்களைத் தொடும் வரைவு என்றால் 2010-இன் ஆர்எஃப்சி 5890-ஐப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தமிழ் வடிவம் ‘யூ-லேபிள்’, கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து) வடிவம் ‘ஏ-லேபிள்’ என்று அது பிரித்திருக்கிறது. இரண்டையும் பொதுவாக ஐடிஎன் (பிறமொழி எழுத்துள்ள டொமைன் பெயர்) என்று எழுதும் வரைவு வந்தால் எந்த வடிவம் என்று கேட்க அதுவே உங்கள் ஆதாரம்.

இரண்டாவது, அந்தப் பணிக்குழுவின் அஞ்சல் காப்பகம். வரைவின் பெயரையும் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். மூன்றாவது, ஆவணத்தைப் பொதுவில் வைத்துத் திருத்த உதவும் கிட்ஹப் தளத்தைப் பணிக்குழு பயன்படுத்தினால் அங்கே மூடப்பட்ட கேள்விகள். திறந்திருப்பவற்றை எல்லாரும் பார்க்கிறார்கள். மூடியவற்றில்தான் ‘ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தோம்’ என்ற சண்டை பதிவாகியிருக்கும்.

பொதுவான கலைச்சொல் அகராதிகளை ஆதாரமாகக் காட்டும்போது கவனம். இணையப் பாதுகாப்புக்கு ஆர்எஃப்சி 4949 இருக்கிறது. அது 2007-இல் வந்தது, அதன்பிறகு உலகம் நகர்ந்துவிட்டது. ‘அகராதியில் இப்படி இருக்கிறதே’ என்பது தொடக்கமாகலாம், முடிவாகாது.

6. கேள்வியை எழுதுங்கள்

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இலக்கணச் சுத்தம் யாருக்கும் தேவையில்லை, அங்கே பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ‘மதிப்பிற்குரிய ஐயா’ எல்லாம் வேண்டாம். துறையின் மூத்தவரையும் முதற்பெயரால் அழைப்பதுதான் அங்கே வழக்கம். நமக்குக் கை கூசும், பழகிவிடும். நிறுவனத்தின் சார்பில் பேசுவதுபோலவும் எழுதாதீர்கள். அங்கே எல்லாரும் தனிநபர்கள்.

பட்டியலில் சேராமல் அனுப்பினால் அஞ்சல் யாராவது அனுமதிக்கும்வரை காத்துக் கிடக்கும். முதலில் சேருங்கள்.

ஒரு கற்பனை வரைவை வைத்து அஞ்சலின் அமைப்பைக் காட்டுகிறேன். அதில் வரும் டிசிபி என்பது இரண்டு கணினிகளுக்கிடையே இணைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை.

தலைப்பு: பதிப்பு 07, பிரிவு 5.3: ‘செஷன்’ எதைக் குறிக்கிறது?

உள்ளே: ‘பிரிவு 2-இல் செஷன் என்பது ஒரு டிசிபி இணைப்பு தொடங்கி முடியும்வரை என்று இருக்கிறது. பிரிவு 5.3-இல் கிளையன்ட்டின் முகவரி மாறிய பிறகும் செஷன் தொடர வேண்டும் என்று இருக்கிறது. முகவரி மாறினால் டிசிபி இணைப்பு அறுந்துவிடும். பிரிவு 2-இன்படி செஷனும் முடிந்துவிடும். இதைப் படிக்கும் ஒருவர் சேமித்த விவரங்களை அழிப்பார், இன்னொருவர் வைத்திருப்பார். எது நோக்கம்? இரண்டாவது என்றால் இப்படி மாற்றலாம். பழையது: ஒரு டிசிபி இணைப்பு தொடங்கி முடியும்வரை. புதியது: ஒரே அடையாள எண்ணைப் பகிரும் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட டிசிபி இணைப்புகள்.’

பதிப்பு எண்ணும் பிரிவு எண்ணும் தலைப்பிலேயே இருக்கின்றன, ஏனென்றால் அடுத்த பதிப்பில் பக்கங்கள் இடம்மாறிவிடும். முரண்படும் இரண்டு இடங்களும் அருகருகே இருக்கின்றன. இரண்டு பேர் எழுதும் நிரல் எங்கே பிரியும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் உங்கள் கேள்வியை ரசனை வேறுபாட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அதை எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை. கடைசியில் பழையது, புதியது என்று மாற்று வாசகம். ஆசிரியர் ஏற்றால் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம், மறுத்தாலும் எதை மறுக்கிறோம் என்று தெரியும்.

ஓர் அஞ்சலுக்கு ஒரு சொல் போதும். முப்பது கேள்விகளை ஒரே அஞ்சலில் கொட்டினால் எளிதான மூன்றுக்குப் பதில் வரும்.

புதிய பெயர் சூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க ஊரே கூடும், வளர்க்க ஆள் வராது என்ற கதைதான் இங்கும். பொருளைத் தெளிவாக்கக் கேட்டால் இரண்டு நாளில் முடியும். பெயரையே மாற்றச் சொன்னால் இரண்டு மாதம் ஓடும். அந்தப் பெயரோடு நிரல்கள் ஏற்கெனவே வெளிவந்திருந்தால் சுத்தமாக நடக்காது. பெரிய திருத்தம் செய்யும்போது மட்டும் விதிவிலக்கு உண்டு: வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி-யின் ஆர்எஃப்சி 9110 (2022) ‘பேலோட்’ என்ற பழைய சொல்லை விட்டு ‘கன்டென்ட்’ என்று மாற்றிக்கொண்டது. அது முழு நெறிமுறையின் ஆவணங்களையும் திருப்பி எழுதியபோது நடந்தது.

7. பதில் வந்தால், வராவிட்டால்

ஒரு வாரம் பொறுங்கள். எல்லாரும் வேறு வேலைக்கு நடுவில் இதைச் செய்பவர்கள். பிறகு அதே இழையில் ஒரு வரி நினைவூட்டல். நான் அனுப்பிய ஒரு கேள்விக்கு ஆசிரியர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதிய பிறகுதான் அது திறந்த பிரச்சினைகளின் பட்டியலில் ஏறியது. தலைவர்களுக்கு எழுதுவது புகார் செய்வது ஆகாது. எழுந்த ஆட்சேபங்கள் கவனிக்கப்பட்டனவா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. கிட்ஹப்பில் பதிந்தாலும் முக்கியமான மாற்றம் என்றால் பட்டியலிலும் ஒரு வரி போடுங்கள். குழுவின் ஒப்புதல் அங்கேதான் கணக்கில் வரும்.

பதில் உங்களுக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். 2014-இன் ஆர்எஃப்சி 7282 இதை விளக்குகிறது: எழுப்பிய பிரச்சினை ஒவ்வொன்றும் ஆராயப்பட வேண்டும், ஏற்கப்பட வேண்டும் என்பதில்லை. காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள், மற்றவர்களும் உடன்படுகிறார்கள் என்றால் அதோடு விடுங்கள். அதே வாதத்தை மூன்றாம் முறை எழுதினால் அடுத்த நல்ல கேள்விக்கும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். உங்கள் ஆட்சேபத்தை அவர்கள் புரிந்துகொள்ளவே இல்லை என்றால் மட்டும் வேறு உதாரணத்தோடு ஒரு முறை.

தெளிவு கிடைத்ததும் ‘இது போதும், நன்றி’ என்று எழுதுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆவணத்தை மேலே அனுப்பும்போது தீராத கேள்வி ஏதும் உண்டா என்று பொறுப்பாளர் பார்ப்பார். உங்கள் மௌனம் அவரைத் தேவையில்லாமல் அலையவிடும். விளக்கம் அஞ்சலில் கிடைத்தால் மட்டும் போதாது, வரைவில் ஏற வேண்டும். அடுத்த பதிப்பு வந்ததும் ஒப்பீட்டுப் பக்கத்தில் பாருங்கள். பிரிவு 2-இல் மாற்றிவிட்டு 5.3-ஐயும் பின்னிணைப்பையும் பழையபடி விட்டிருப்பார்கள், அடிக்கடி நடப்பதுதான்.

8. தாமதமாகக் கண்டுபிடித்தால்

ஐஇஎஸ்ஜி ஒப்புதல் முடிந்து ஆர்எஃப்சி எடிட்டரிடம் போன பிறகு ‘ஆத்48’ என்ற கட்டம் வரும். ஆசிரியர்கள் 48 மணி நேரத்தில் கடைசியாகச் சரிபார்ப்பது என்று பெயர். நடைமுறையில் வாரக்கணக்கில் இழுக்கும். மொழித் திருத்தம் அப்போதும் முடியும். பொருள் மாறும் திருத்தம் என்றால் பகுதி இயக்குநர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியருக்கும் பணிக்குழுத் தலைவர்களுக்கும் சுருக்கமாக எழுதுங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும்.

ஆர்எஃப்சி வெளிவந்துவிட்டால் அதில் சொல்லியிருப்பது மாறாது. எஞ்சியிருப்பது பிழை அறிவிப்பு. ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தில் ஒரு படிவம் உண்டு. தொழில்நுட்பப் பிழையா, மொழிப் பிழையா என்று குறித்து, இருப்பது, இருக்க வேண்டியது, காரணம் மூன்றையும் எழுத வேண்டும். வெளியிட்ட நாளிலேயே அது பிழையாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். ‘இதைவிட நல்ல சொல் இருக்கிறது’ என்று அனுப்பினால் நிராகரிப்பார்கள். இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று காட்டினால் சரிபார்க்கப்பட்டது என்றோ, அடுத்த திருத்தத்துக்காக வைத்திருக்கிறோம் என்றோ குறிப்பார்கள். அந்த முடிவுக்கு மாதங்கள் ஆகலாம். நடுவில் யாராவது அந்த ஆவணத்தைப் புதுப்பிக்க 00 பதிப்பைப் போட்டால், உங்கள் பிழை அறிவிப்பின் எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுக்கு ஓர் அஞ்சல் போடுங்கள்.